மதினி வீட்டு வாசல்

அவர் எங்கள் இரும்புக் கேட்டுக்கு வெளியே வந்து நின்ற அந்தக் காலை இன்னும் அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சேலையின் தோள் மடிப்பில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியபடியே இருந்தது. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். நான் கூடத்தில் உட்கார்ந்து, மகனின் தலையை என் தொடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, இட்லியைப் பாலில் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கேட்டின் கொக்கி தட்டப்படும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆட்டோக்காரரின் மனைவி. கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தெருவில் யார் யார் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் பார்த்தேன். அவர் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

என் மகன் பிறந்தபோது அழவில்லை. கொஞ்ச நேரம் மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் வாழ்க்கை முழுவதும் நீண்டுகொண்டிருக்கிறது. கைகால்கள் விறைத்துப் பின்னிக்கொள்ளும், கழுத்து நிற்காது, பேச்சு வரவில்லை. ஆனால் எல்லாம் புரியும். குழம்பு தாளிக்கும் வாசனைக்குச் சிரிப்பான். என் குரல் கம்மினால் அவன் முகம் மாறும். என் கணவருக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஊருக்கு வந்தால் ஒரு மாதம் இருப்பார். அந்த மாதத்தில் மகனைத் தோளை விட்டு இறக்க மாட்டார், போகும்போது விமான நிலையம்வரைகூட என்னை வர வேண்டாம் என்றுவிடுவார். அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நான் பி.எட். முடித்தவள். ஒரு நாள்கூட வகுப்பறையில் நின்றதில்லை.

சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவேன். அந்தப் பயணங்களை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. உட்கார இடம் கொடுப்பார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இடம் கொடுத்தவர் கேள்வியும் கேட்பார். பிறவியிலேயே இப்படியா, சொந்தத்தில் கட்டினீர்களா, இந்தக் கோயிலுக்குப் போனீர்களா, அந்த வைத்தியரைப் பார்த்தீர்களா. அவன் வாயிலிருந்து எச்சில் வழிந்து பக்கத்தில் இருப்பவரின் சேலையில் பட்டுவிடக் கூடாதே என்று துண்டும் கையுமாகவே இருப்பேன். ஒருமுறை பட்டுவிட்டது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் நின்றுகொண்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அவனுக்கு எட்டு வயது தாண்டியபோது தூக்கவும் முடியவில்லை. கால்கள் நீண்டு, என் முழங்காலுக்குக் கீழே தொங்கின. பஸ் பயணம் நின்றது. அன்னவாசலில் வாரத்துக்கு ஒரு நாள் நடந்த பிசியோதெரபியும் அதோடு நின்றது.

கல்யாணம், காதுகுத்து, சாவுக்குப் போவதெல்லாம் எப்போது நின்றது என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. முதலில் போகாமல் இருந்தது நான்தான். மைக் செட் சத்தத்துக்கு அவன் உடம்பு தூக்கிப்போடும், அழுவான், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு பத்திரிகை கொடுக்க வருகிறவர்களே, "நீ எங்க வரப் போற, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று சொல்லிக்கொண்டே நீட்ட ஆரம்பித்தார்கள். மொய்யை ஓரகத்தியிடம் கொடுத்தனுப்புவேன். ஒரு வீட்டுக்கு நல்லது கெட்டதுக்குப் போகாதவர்கள் அந்த வீட்டிடம் எதையும் கேட்கவும் முடியாது. இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வந்து நின்றவர்களுக்குத்தான் வந்து நிற்பார்கள். நான் எங்கேயும் போய் நிற்காதவள். அதனால் ஒரு மணி நேரம் இவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வந்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்டோக்காரர் வர ஆரம்பித்தார். காய்ச்சலில் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒருநாள் கூப்பிட்டதுதான் தொடக்கம். நான் அவனைத் தூக்க முயன்று தடுமாறியதைப் பார்த்தவர், "இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் முதுகுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, நெல் மூட்டையைத் தூக்குவது போலல்லாமல் ஒரு பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கினார். மகன் சிரித்தான். அப்பா ஊருக்கு வரும்போது மட்டும் சிரிக்கும் சிரிப்பு அது. அவரை அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமைதோறும் வருவார், தூக்கி வண்டியில் உட்கார வைப்பார், அன்னவாசலில் இறக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைப்பார், முடியும்வரை வேறு சவாரிக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் காத்திருப்பார். சில மாதங்களில், பிடித்து நிறுத்தினால் மகனின் குதிகால் தரையில் பட்டது. தலையணை முட்டுக் கொடுத்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். உட்கார்ந்து பார்த்தால் தெரு தெரியும் என்பதை அவன் அப்போதுதான் கண்டுபிடித்தான்.

ஓரகத்திதான் என்னிடம் சொன்னார். கணவரின் அண்ணன் மனைவி, பக்கத்து வீடு, கெட்டவர் இல்லை. துணி துவைக்கும் கல்லருகே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. புருசன் ஊர்ல இல்லாத வீடு. பிள்ளைய வாங்கும்போதும் குடுக்கும்போதும் கை படத்தான செய்யும். அத வச்சுப் பேசுறாங்க" என்றார். நனைந்த துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் சொட்டிப் பாதமெல்லாம் நனைந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. செய்யாத ஒன்றுக்காக ஒருத்தி இவ்வளவு வெட்கப்பட முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. என் மகனை ஒருவர் தூக்கியதை எத்தனை கண்கள் எப்படியெல்லாம் பார்த்திருக்கின்றன என்று நினைக்க நினைக்க, என் கைகளே எனக்கு அருவருப்பாக இருந்தன. கணவருக்கும் சேதி போயிருந்தது. போனில் அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "பாத்து இருந்துக்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு என்னென்னவோ அர்த்தம் வைத்துக்கொண்டு நான் நாள் முழுக்க உழன்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டோ வந்தபோது, கேட்டைத் திறக்காமலேயே, தெரபி செய்கிறவர் லீவில் போய்விட்டார், வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரம் சாய்ந்து உட்கார்ந்து கைகளை ஆட்டிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அவருக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று வண்டியைத் திருப்பிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. மகன் அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தான், பிறகு அழத் தொடங்கினான்.

வாரங்கள் போயின. நானே எண்ணெய் தடவிக் காலை நீட்டி மடக்கிப் பார்த்தேன். ஆனால் பயிற்சி பெற்ற கை வேறு, பயந்த கை வேறு. குதிகால் மறுபடியும் மேலே ஏறியது. சுவரில் சாய்த்தால் சரிந்தான். ரேஷன் கடையில் ஆட்டோக்காரரின் மனைவி நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால், வரிசையை விட்டு விலகி வந்துவிடுவேன். அவரிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ரவிக்கை தைப்பவர், வாய் துடுக்கு என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அவர்தான் அந்தக் காலையில் எங்கள் கேட்டருகே வந்து நின்றார்.

நான் போய்த் திறந்தேன். அவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகன் அருகில் தரையில் உட்கார்ந்தார். அவன் வாயோரம் ஒட்டியிருந்த இட்லியைத் தன் முந்தானையால் துடைத்தார். நான் அதைத் தடுக்கப் போய், கை பாதியில் நின்றது. என் பிள்ளையின் எச்சிலை என்னையும் அவன் அப்பாவையும் தவிர வேறு யாரும் துடைத்து நான் பார்த்ததில்லை.

"தெரபி சாரு லீவு இல்லைன்னு எனக்குத் தெரியும்," என்றார். "இவரு அன்னிக்கே போய்க் கேட்டுட்டு வந்துட்டாரு. வீட்டுல வந்து ஒண்ணும் சொல்லல. சோறு எறங்கல மனுசனுக்கு. நானாத்தான் கேட்டேன்."

நான் தலை குனிந்து நின்றேன். மன்னிச்சிருங்க என்று ஏதோ முனகினேன். எதற்கு மன்னிப்பு என்று எனக்கே தெரியவில்லை. அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர நீங்க அண்ணேன்னுதான கூப்பிடுறீங்க?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அப்ப நான் ஒங்களுக்கு மதினி. வர்ற செவ்வாக்கெழமை நானும் வண்டியில வாரேன். மதினியும் நாத்தனாளும் போறதுக்கு எவ என்ன சொல்லுவான்னு பாப்போம். வாயில வேலை இருக்குறவ பேசட்டும், எனக்குக் கையில வேலை இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. காப்பி போடட்டுமா என்று நான் கேட்பதற்குள் எழுந்துவிட்டார். அவர் சண்டைக்கு வந்ததாக நினைத்தேனே என்ற வெட்கம், பழைய வெட்கத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

சொன்னபடியே வந்தார். ஒரு செவ்வாய் இரண்டு செவ்வாய் அல்ல, ஆண்டுக் கணக்கில் வந்தார். வண்டியில் மகனுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். மடியில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதற்குள் ஹெம்மிங் செய்ய வேண்டிய ரவிக்கைகள், கொக்கிகள், நூல்கண்டு. வண்டி குலுங்கக் குலுங்க ஊசி கோப்பார். தெருமுனையில் நிற்கிறவர்களை அவரே கூப்பிட்டு, எங்கே போகிறோம் என்று அவர்கள் கேட்காமலே சொல்வார். சில மாதங்களில் பேச்சு அடங்கிவிட்டது. அடங்கியது என்று யாரும் வந்து என்னிடம் சொல்லவில்லை. ஓரகத்தி ஒருநாள் தன் ரவிக்கைத் துணியை என்னிடம் கொடுத்து, "ஒங்க மதினிகிட்ட குடுத்துரு" என்றார். அப்போது தெரிந்துகொண்டேன். கணவரிடம் போனில் சொன்னபோது, ஆட்டோ அண்ணனிடம் பேச வேண்டும் என்றார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை ஊருக்கு வந்தவர் முதல் நாளே கம்மாய்க்கரை வழியாக நடந்துபோய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

தெரபி நடக்கும் நேரம் முழுவதும் நான் மகனின் தலைமாட்டிலேயே நிற்பேன். ஒருநாள் மதினி என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "ரோட்டுக்குப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வா. நான் இருக்கேன்ல" என்றார். எப்போது நீங்க நீயாக மாறியது என்று தெரியவில்லை. நான் மறுத்தேன். அவர் விடவில்லை. அன்னவாசல் கடைத்தெருவில் தனியாக நடந்தேன். கைகள் இரண்டும் சும்மா இருந்தன; அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பையைப் பிடித்தேன், முந்தானையைப் பிடித்தேன். டீக்கடையில் பெஞ்சு ஓரமாக உட்கார்ந்து சூடாக ஒரு டீ குடித்தேன். சூடாக. வீட்டில் நான் குடிக்கும் காப்பி எப்போதும் ஆறியிருக்கும், அது அன்றுவரை எனக்கு உறைத்ததே இல்லை. அந்த டீ எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வந்து இப்படி ருசித்துக் குடிக்கிறாயே என்று உடனே உள்ளே ஒரு குரல் கேட்டது. பாதி டம்ளரோடு எழுந்து ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். மதினி என்னைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த வாரம் முழுசாக் குடி" என்றார்.

அடுத்தடுத்த வாரங்களில் முழுசாகக் குடித்தேன். மாவு அரைத்து வாங்கினேன், கண்ணாடி மாற்றினேன், ஒருமுறை நூலகத்தில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை புரட்டினேன். என் வாழ்க்கையில் நல்லதாக ஏதாவது மிஞ்சியிருந்ததென்றால் அது அந்த நேரத்துக்குள்தான் இருந்தது. அதற்கு நான் என்ன திருப்பிச் செய்தேன் என்று கேட்டுப்பார்த்தால், ஒன்றுமில்லை. ஆட்டோ வாடகையை மட்டும் அண்ணன் மறுக்காமல் வாங்கிக்கொள்வார். அது வண்டிக்கு. மதினிக்கு என்ன?

மதினியின் அம்மா வல்லத்திராக்கோட்டையில் இறந்தபோது நான் போகவில்லை. மகனுக்குச் சளி இருந்தது, உண்மைதான். ஆனால் சளி இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு செவ்வாய், அவர் வழக்கம்போல மஞ்சள் பையோடு வண்டியில் உட்கார்ந்திருந்தார். நான்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே பார்த்துக்கொண்டு போனேன். பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இருவரும் தாம்பாளத்தோடு வந்தார்கள். பத்திரிகையை என்னிடம் தரவில்லை, மகனின் கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்து, "தம்பி, நீயும் அம்மாவும் வரணும். வீட்டுலதான் பந்தல், மண்டபமில்ல. மைக் செட்ட தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கேன்" என்றார் மதினி. வருகிறோம் என்றேன். அன்று காலை மகனுக்குப் புதுச் சட்டை போட்டேன். நானும் பட்டுச் சேலை கட்டினேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். பந்தியில் அவனுக்கு எப்படி ஊட்டுவது, கூட்டத்தில் அவன் நனைத்துவிட்டால் எங்கே மாற்றுவது, மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள். இவையெல்லாம் காரணங்கள். அவற்றுக்கு அடியில் இருந்தது ஒன்றுதான். என் பிள்ளையோடு அத்தனை பேர் நடுவில் போய் நிற்கக் கூச்சம். அவனைப் பற்றிய கூச்சம் என்று என்னால் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததில்லை. இப்போதும் எழுதும்போது கை தயங்குகிறது. ஓரகத்தியிடம் மொய்யைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த செவ்வாய் மதினி ஒரு டப்பாவில் கல்யாண லட்டு கொண்டுவந்து, உதிர்த்து உதிர்த்து அவனுக்கு ஊட்டினார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய் சொல்லியிருப்பேன், அதோடு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகியிருக்கும்.

மகனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. மதினி மகளின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் புதுக்கோட்டை முகாமில் கொடுத்த சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறான். அண்ணனுக்கும் வயதாகிவிட்டதால், அவரும் நானும் சேர்ந்துதான் அவனை வண்டியில் ஏற்றுகிறோம். நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டுகிறோம். போன மழைக்குப் பிறகு சில செவ்வாய்க்கிழமைகள் மதினி வரவில்லை. மகளைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்றார் அண்ணன். அப்புறம் ஒருநாள், வண்டியில் ஏற்றுவதற்காகக் குனிந்தபோது, சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னார்: கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள், புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாகிவிட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவதான் வேணாம்னுட்டா," என்றார். "சொன்னா நீங்க வர முடியலையேன்னு சங்கடப்படுவீங்களாம்."

அந்த வார்த்தை என்னை அடித்துப் போட்டுவிட்டது. என்னை அவர் அவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்தார். வயிற்றைக் கிழித்துத் தைத்துப் படுத்திருக்கும்போதும் என் கூச்சத்துக்கு ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தார். இன்றைக்கு அன்னவாசல் வேண்டாம், உங்கள் வீட்டுக்குப் போங்கள் அண்ணே என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தம்பியையும் கூட்டிக்கிட்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கம்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு போனால் பத்து வீடுகள் தள்ளி அவர்கள் வீடு. இவ்வளவுதானா தூரம் என்று நினைத்தபோதே முகம் சுட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் உயர்த்திக் கட்டிய வீடு. முன்னால் படிகள். படிகளுக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து வாசல்வரை நீளமாக ஒரு சிமெண்டுச் சரிவு. அதன் மேல் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. ஆட்டோவை மேலே ஏற்றி நிறுத்துவதற்கா என்று கேட்டேன்.

"ஆட்டோவுக்கா?" என்றார் அண்ணன், நாற்காலியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. "இது தம்பிக்கும்மா. மக கல்யாணத்துக்கு வீட்ட எடுத்துக் கட்டுறப்ப போட்டது. கொத்தனாரு செங்குத்தா போட்டுட்டாருன்னு இடிச்சுட்டுத் திரும்பப் போட வச்சா ஒங்க மதினி."

அவர் குரலில் குறை எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான் குனிந்து மிளகாயை இரண்டு கையாலும் ஓரமாக ஒதுக்கினேன். அடியில் சிமெண்டு தேயாமல் புதிதாகவே இருந்தது. கல்யாணம் முடிந்து, மகளுக்குப் பிள்ளையும் பிறந்து நடக்கத் தொடங்கிவிட்டது. இத்தனை காலமும் அந்தச் சரிவு எங்களுக்காக அங்கேயே கிடந்திருக்கிறது.

கதவருகே சத்தம் கேட்டது. மதினி ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, சுவரைப் பிடித்து வந்து நின்றார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தார். மதினி என்று ஆரம்பித்தேன்.

"உள்ள வந்து பேசு," என்றார். "வெயில்ல நிக்கிறான் பாரு பய."

நானும் அண்ணனும் சேர்ந்து தள்ளினோம். நாற்காலி சிரமமில்லாமல் ஏறியது. வாசலை நெருங்கியதும், வழக்கம்போல முன் சக்கரத்தைத் தூக்கிவிடுவதற்காக நான் கைப்பிடியை அழுத்தினேன். தூக்க வேண்டியிருக்கவில்லை. வாசக்காலின் கீழ்க்கட்டையை, வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கும் அந்தக் கட்டையை, தரையோடு தரையாக அறுத்து எடுத்திருந்தார்கள். சரிவு போட்டபோதே அறுத்திருக்க வேண்டும்; பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டில் யாரும் செய்யத் துணியாத காரியம். மஞ்சளும் குங்குமமும் இரண்டு பக்க மரத்திலும் மட்டும் இருந்தன. நடுவில் வழவழவென்று வெறும் தரை. நாற்காலி ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் உள்ளே போனது. நான் தலை நிமிராமல் அதன் பின்னால் போனேன்.